உறவு, மனை, பணி: இல்லறத்தார்க்குரிய மூன்று பொறுப்புகள்

(நல்லூரில் நடைபெற்ற விழாவின் இல்லறத்தார் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துறவறத்தின் மேன்மையைப் பற்றி அறிஞர் பெருமக்கள் இங்கு விரிவாக உரைத்தார்கள். எனக்கு இடப்பட்ட தலைப்போ இல்லறத்தைச் சார்ந்தது. உற்றார் உறவினரைச் சென்று கண்டு வருதல், குடியிருக்கும் வீட்டைப் பழுதின்றிக் காத்தல், ஏற்ற அலுவலைக் குறைவின்றிச் செய்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நடத்துவது எப்படி என்பதே அது. கேட்பதற்குச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் நம் இல்லங்களில் எழும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் தோன்றுகிறது. ஆதலால் இதனை அறத்தோடு தொடர்புடைய பொருளாகவே கருதி உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் நம் வட்டாரத்தின் நிலையைக் கூறுகிறேன். மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த இந்த நல்லூரிலிருந்து நாள்தோறும் பலர் விருத்தாசலத்திற்கு வேலைக்குச் செல்கின்றனர். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். நெய்வேலிச் சுரங்கத்தின் மேல்மண்ணோடு கிடைக்கும் வெண்களிமண் அருகிலேயே இருந்தது இத்தொழிலுக்குத் துணையாயிற்று. அகல் விளக்கு, கொலுப் பொம்மை, மின்சாரப் பெட்டிகளுக்கான பீங்கான் பொருள்கள் எனப் பலவும் அங்குள்ள சிறு கூடங்களில் உருவாகின்றன. இன்னொரு புறம் நெய்வேலியில் மூன்று முறைப் பணி நடைபெறுகிறது. இவ்வாரம் பகலில் வேலை செய்பவர் அடுத்த வாரம் இரவில் வேலை செய்வார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நாள்காட்டியில் இருக்கும். வீட்டில் இருக்கும் என்று உறுதி கூற இயலாது.

இந்நிலையில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மனைவி விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கூடத்தில் கணக்கு எழுதுகிறார். கணவர் நெய்வேலியில் முறைப் பணியில் இருக்கிறார். கணவரின் பெற்றோர் நல்லூரில் உடன் வாழ்கின்றனர். மனைவியின் தாயார் வந்தவாசிக்கு அருகே ஒரு சிற்றூரில், பழைய ஓட்டு வீட்டில், தனியே இருக்கிறார். அங்குச் செல்ல விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் எனப் பேருந்து மாறி மாறிச் செல்ல வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றால் தாயாரோடு அமர்ந்து பேசுவது எந்த நாள்? நான் எந்த ஒரு வீட்டையும் சுட்டிக் கூறவில்லை. ஆயினும் இந்த அவையில் பலர் தலையசைப்பதைக் காண்கிறேன்.

இத்தகைய குடும்பத்திற்கு ஆண்டில் மிகக் கடினமான காலம் ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். கார்த்திகை விளக்கீட்டிற்காக அகல் விளக்குகளின் தேவை பெருகும் காலம் அது. கூடங்களில் விடுப்புக் கிடைப்பது அரிது. மழை ஈரத்தில் பச்சைப் பொருள்கள் உலரத் தாமதமாகும். எனவே வேலை நேரம் நீளும். சூளையில் அடுக்கி நெருப்பேற்றிவிட்டால் ஆயிரம் பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் சீராக ஏறி, சீராக ஆற வேண்டும். இடையில் திறந்தால் அத்தனையும் விரிசல் கண்டுவிடும். ஆகவே அன்று யாரும் ஊருக்குப் புறப்பட இயலாது. அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை பெய்து, கூரையின் குறை வெளிப்படும். அதே மாதங்களில்தான் தீபாவளி வரும். பகவான் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாக நாம் போற்றும் அந்நாளில் பெற்றோரும் மக்களும் ஒன்றுகூட விரும்புவது இயல்பே. தலைதீபாவளி உள்ள வீடுகளின் நெருக்கடியைச் சொல்ல வேண்டுவதில்லை.

பணி, மனை, உறவு ஆகிய மூன்றும் ஒரே இரண்டு மாதங்களில் ஒருவரிடமே வந்து நிற்கின்றன. அந்த ஒருவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்மணி. இதை நான் வெறும் கருத்தாகக் கூறவில்லை. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அது காட்டியது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவை முறையே 289, 88 என்றாயின. ஐந்து ஆண்டுகளில் பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது; ஆண்களின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. இடைவெளி ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர்க்கான மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்திற்கு 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டதன் கருத்து யாது? வீட்டில் செய்யப்படும் வேலையும் உழைப்பே என்பதை அப்பெயர் ஏற்றுக்கொள்கிறது. அரசு ஏற்றுக்கொண்டதை நம் வீட்டுக் கூடத்தில் நாம் ஏற்றுக்கொண்டோமா என்பதே என் வினா.

இங்கு நம் இளங்கோவடிகள் அருளிய சிலப்பதிகாரத்தை நினைவுகூர விரும்புகிறேன். மதுரையில் ஆயர் இல்லத்தில் கோவலன் தன் தவற்றை எண்ணி வருந்தும்போது கண்ணகி மறுமொழி கூறுகிறாள். அவன் பிரிந்திருந்த காலத்தில் அறவோரைப் பேணுதலும் விருந்தினரை எதிர்கொள்ளுதலும் தனக்கு இல்லாமற் போயின என்கிறாள். அவனுடைய பெற்றோர் தன்னைக் காண வந்தபோது உள்ளத் துயரை மறைத்து முறுவல் காட்டியதையும் சொல்கிறாள். இப்பகுதியை நாம் கற்பின் பெருமையாகவே படித்து வந்திருக்கிறோம். அதில் வேறொரு செய்தியும் உண்டு. விருந்தோம்பல் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து ஆற்றும் அறம். ஒருவர் இல்லாதபோது மற்றவரால் அதனை நிறைவேற்ற இயலாது என்பது அக்கால வழக்கு. அறம் இருவர்க்கும் பொது என்றால் அதற்கான உழைப்பும் இருவர்க்கும் பொதுவாக வேண்டாவா? விருந்து வரும் நாளில் கணவர் கூடத்தில் அமர்ந்து உரையாட, மனைவி அடுக்களையில் நின்றபடியே நலம் விசாரிப்பது பாதி விருந்தோம்பலே ஆகும். இன்றும் மாமனார் மாமியார் வரும்போது களைப்பை மறைத்து முறுவல் காட்டும் மருமகள்கள் உள்ளனர். அவர்கள் மறைப்பதை நாம் காணாதிருப்பது அன்பாகாது.

இனி மூன்று பொறுப்புகளையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது உறவு. பெற்றோரைப் பேணாத மக்களிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற 2007ஆம் ஆண்டுச் சட்டம் மூத்தோர்க்கு உரிமை அளித்துள்ளது. பணத்தைச் சட்டத்தால் பெற்றுத் தர இயலும். மகள் வந்து அருகில் அமரும் அரைமணி நேரத்தை எந்தச் சட்டத்தாலும் பெற்றுத் தர இயலாது. ஆகவே இது மனத்தால் ஏற்க வேண்டிய கடமை. ஆயினும் அதனைத் திருவிழா நாளோடு பிணைத்து வைத்திருப்பதால்தான் இடர் மிகுகிறது. தீபாவளிக்கு வரவில்லையே என்று வருந்தும் தாய், தை பிறந்த பின் மழை ஓய்ந்து, கூடத்தில் வேலை தளர்ந்த நாளில் மூன்று நாள் தங்கும் மகளை இன்னும் மகிழ்வோடு ஏற்பாள். இந்த மாற்றத்தை இளையவர் கேட்டால் அது குறையாகத் தோன்றும். மூத்தோர் தாமே முன்வந்து சொன்னால் அது வாழ்த்தாகும். அவையிலுள்ள பெரியோர்களிடம் என் முதல் வேண்டுகோள் இதுவே. "பண்டிகைக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை, உனக்கு ஓய்வான நாளில் வா" என்று நீங்களே கூறுங்கள். மருமகளிடம், "உன் அம்மாவைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று?" என்று நீங்களே கேளுங்கள். அந்த ஒரு சொல் அவருடைய ஒரு மாத மனச்சுமையை இறக்கிவிடும்.

சென்று தங்கும் நாள்களில் என்ன செய்வது என்பதும் சிந்திக்கத்தக்கது. பலகாரம் கொண்டு செல்வதோடு நிற்காமல், தனியே வாழும் மூத்தோரின் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்து வர வேண்டும். குளியலறை விளக்கு எரிகிறதா, அங்குப் பிடித்து நிற்கக் கைப்பிடி உண்டா, மருந்து அட்டைகளில் காலாவதியானவை கலந்துள்ளனவா, எரிவாயு அடுப்பின் குழாய் எப்போது மாற்றப்பட்டது என்று பார்க்க வேண்டும். அக்குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. உடன்பிறந்தார் மூவர் இருந்தால் மூவரும் ஒரே நாளில் கூடிக் கலைவதைவிட, மாதத்திற்கு ஒருவராக முறை வகுத்துச் சென்றால் பெற்றோர்க்கு ஆண்டு முழுதும் துணை கிடைக்கும். தொலைவில் வாழ்பவர் வர இயலாவிட்டால், வருபவரின் பயணச் செலவையும் வீட்டுப் பழுதின் செலவையும் ஏற்கலாம். அருகில் இருப்பவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது உடன்பிறந்தாரிடையே பிளவுக்கு வித்திடும்.

அருகிலுள்ள உறவினரைக் காண வழி முன்பைவிட எளிதாகியுள்ளது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். விருத்தாசலம் சந்திப்பிலிருந்து விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு திசையும் தொடர்வண்டிப் பாதை உண்டு. வேலை முடிந்து திரும்பும் வழியில் அத்தையின் வீட்டில் கால்மணி நேரம் அமர்ந்து வருவதும் உறவைப் பேணுதலே. நீண்ட தங்கலே உறவு என்ற எண்ணத்தைச் சற்றுத் தளர்த்தினால் சிறு சந்திப்புகள் பெருகும்.

இரண்டாவது மனை. வீட்டுப் பராமரிப்பு என்றால் போகிக்கு முன் வெள்ளையடிப்பது என்று பலர் கருதுகின்றனர். நம் வட்டாரத்தில் வீட்டுக்குப் பகை மழையும் காற்றும் ஆகும். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளையும் கூரை வீடுகளையும் எவ்வாறு சாய்த்தது என்பதை நாம் மறக்க இயலாது. மழைக்குப் பின் பழுது பார்ப்பதை மழைக்கு முன் பார்ப்பதாக மாற்றிக்கொண்டால் ஐப்பசியின் சுமைகளில் ஒன்று ஆடியிலேயே இறங்கிவிடும். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் உடைந்த ஓட்டை மாற்றலாம். தளத்தின் நீர்ப்போக்கிகளில் சேர்ந்த சருகை அகற்றலாம். கைப்பிடிச் சுவரின் வெடிப்பைப் பூசலாம். அந்த வெடிப்பில்தான் பறவை இட்ட அரச வித்து முளைத்து, வேரோடிச் சுவரையே பிளக்கிறது. முளைத்து வளர்ந்த பின் ஓர் உயிரை வெட்டுவதைவிட, இடுக்கை முன்னரே அடைப்பது வீட்டுக்கும் நன்று, நம் நெறிக்கும் நன்று.

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நமக்கு வீட்டுத் தூய்மையே பூச்சிகளுக்கான மருந்து. தானியத்தை நன்கு வெயிலில் உலர்த்தி, வேப்பிலை இட்டு, மூடி வைத்தால் வண்டு பெருகாது. தண்ணீர் தேங்காவிட்டால் கொசு பெருகாது. பெருக விட்டுவிட்டுப் பின்னர் நஞ்சு தெளிக்கும் நிலைக்குச் செல்வது நேரக் குறைவால் நேர்கிறது. ஆகவே நேரத்தை முறைப்படுத்துவதும் அகிம்சைக்குத் துணையாகிறது.

மேலும் பொருள்களுக்கு வரம்பு வகுக்கும் பரிக்கிரக பரிமாண விரதத்தை வீட்டுப் பராமரிப்போடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பொருளும் தன்னை வாங்கியவரிடம் விலையை ஒருமுறை பெறுகிறது. தன்னைத் துடைப்பவரிடம் உழைப்பை நாள்தோறும் பெறுகிறது. பரணில் அடுக்கிய பித்தளைப் பாத்திரங்களை ஆண்டுதோறும் இறக்கி, புளியிட்டு விளக்கி, மீண்டும் ஏற்றுபவர் யார்? அவற்றை வைத்துக்கொள்ள முடிவு செய்தவர் யார்? இருவரும் ஒருவரே என்றால் குறையில்லை. வெவ்வேறு என்றால், வரம்பு வகுக்கும்போது விளக்குபவரின் கருத்தையே முதலில் கேட்க வேண்டும். பயன்படுவனவற்றை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றைத் தேவைப்படுவோர்க்கு அளித்தால் தானமும் ஆகும், ஓய்வும் கிடைக்கும்.

மூன்றாவது பணி. அலுவலுக்குச் செல்லும் நம் சிராவகியர் எதிர்கொள்ளும் தனித்ததோர் இடர் உண்டு. அது கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்பு. ஆனி மாதத்தில் கதிரவன் ஆறரை மணியை ஒட்டி மறைகிறான்; கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறான். ஐந்தரை மணிக்கு வேலை முடித்து, பேருந்து பிடித்து, வீடு வந்து, சமைத்து, அனைவரையும் உண்ணச் செய்வது எவ்வாறு இயலும்? இயலாதபோது சிலர் நோன்பை விடுகின்றனர். சிலர் உணவையே விடுகின்றனர். அனைவர்க்கும் ஓடி ஓடி உணவிட்டுத் தாம் மட்டும் பட்டினியாக உறங்கும் பெண்மணியின் இரவு, விரும்பி ஏற்ற உபவாசம் ஆகாது. நோன்பு குடும்பத்திற்குரியது என்றால் அடுப்பும் குடும்பத்திற்குரியதே. முதல் முறைப் பணி முடித்துப் பிற்பகலில் வீடு திரும்பும் கணவர் அவ்வாரம் மாலை உணவைச் சமைக்கலாம். வீட்டிலுள்ள மூத்தோர் காய் நறுக்கி வைக்கலாம். காலையிலேயே இரு வேளைக்கும் எடுத்துச் சென்று, ஐந்து மணிக்கு வேலையிடத்திலேயே உண்ணலாம். இதற்கு வேலை தருவோர் கால்மணி நேரம் இசைந்தால் போதும்.

இந்த அவையில் தொழில் நடத்துவோரும் கடை நடத்துவோரும் உள்ளனர். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சூளை ஏற்றும் நாள்களையும் கணக்கு முடிக்கும் நாள்களையும் ஒரு மாதத்திற்கு முன்பே அறிவித்துவிடுங்கள். அந்நாள்கள் நீங்கலாக மற்ற நாள்களில் பணியாளர் ஒருவருக்கொருவர் முறை மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள். உருப்படிக் கணக்கில் கூலி பெறுவோர்க்கு ஒரு நாள் ஊருக்குச் செல்வது என்பது ஒரு நாள் கூலியை இழப்பது. முன்கூட்டியே நாள் தெரிந்தால் அவர்கள் அதற்கேற்பத் தம் வேலையை முடித்துக்கொள்வர். காய்ச்சல் என்றும் பாட்டி இறந்தார் என்றும் பொய் சொல்லி விடுப்பு எடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? உண்மையைச் சொன்னால் விடுப்புக் கிடைக்காது என்ற அச்சத்திலிருந்து வந்தது. தாயைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் மெய்யே கூறி விடுப்புப் பெற இயன்றால், அவ்விடத்தில் வாய்மை விரதம் காக்கப்படுகிறது. பணியாளர்க்கும் இதில் கடமை உண்டு. தரப்பட்ட விடுப்பைக் கேட்ட நாளோடு முடித்து, சொன்ன நாளில் வேலைக்குத் திரும்புவதே அடுத்தவர்க்கும் அவ்வாயிலைத் திறந்து வைக்கும்.

இவை மூன்றுக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத நான்காவது வேலை ஒன்று உண்டு. அது நினைவில் வைத்திருத்தல். யாருக்கு எப்போது திருமண நாள், எந்த அத்தைக்குக் கண் அறுவை மருத்துவம் நடந்தது, தண்ணீர்த் தொட்டி கழுவி எத்தனை மாதம் ஆயிற்று, மாமனாரின் மாத்திரை எப்போது தீரும் என்பன அனைத்தையும் ஒருவரே நினைவில் சுமக்கிறார். மற்றவர்கள் "சொன்னால் செய்துவிடுவேனே" என்கின்றனர். சொல்வதற்காக நினைவில் வைத்திருப்பதே ஒரு வேலை என்பதை அவர்கள் உணர்வதில்லை. இதற்கு நான் கண்ட எளிய வழி ஒன்றே. வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒருநாள் மாலை சேர்ந்தமர்ந்து, சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு மாதங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்தின் எதிரிலும் செல்ல வேண்டிய உறவினர், பார்க்க வேண்டிய வீட்டு வேலை, அலுவலில் நெருக்கடியான நாள்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். தசலட்சண நோன்பு நாள்களையும் சிற்றூர் ஜினாலயத்தின் விழா நாள்களையும் மறவாமல் சேருங்கள். பின்னர் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பெயரை எழுதுங்கள். பெயர் எழுதப்பட்டவர் செய்வதோடு, நினைவில் வைத்திருக்கும் பொறுப்பும் அவருடையதே. எழுதி முடித்த பின் ஒரே பெயர் எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதன்பின் எவரும் உரை நிகழ்த்த வேண்டிய தேவை இராது.

இவ்வளவு செய்தும் எல்லாம் நிறைவேறும் என்று நான் உறுதி கூற மாட்டேன். சில தீபாவளிகளில் தாயார் தனியே விளக்கேற்றுவார். சில மழைக்காலங்களில் கூரை ஒழுகும். சில நாள்களில் அலுவலில் சொல் கேட்க நேரும். அப்போது, இம்முறை எதனை விடுவது என்பதை வீட்டார் சேர்ந்து முடிவு செய்தார்களா, அல்லது ஒருவர் தனியே முடிவு செய்து அதன் பழியையும் தனியே சுமந்தாரா என்பதே குடும்பத்தின் தரத்தைக் காட்டும். நம் நெறியில் தவறியமைக்கு ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்டு, மன்னிப்பு அளிக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பொறுமையை ஆண்டில் ஒருநாளுக்கு மட்டும் உரியதாக்காமல், வர இயலாத மகனுக்கும், செய்து முடிக்காத மருமகளுக்கும், களைத்துத் திரும்பும் கணவருக்கும் நாள்தோறும் அளிப்போமாக.

மூத்தோர் பண்டிகைக் கட்டாயத்தைத் தளர்த்துக. ஆடவர் அடுக்களையிலும் நினைவுச் சுமையிலும் பங்கேற்க. தொழில் நடத்துவோர் நாள்களை முன்னரே அறிவிக்க. இம்மூன்றையும் இந்த அவையின்முன் வேண்டுகோளாக வைக்கிறேன்.